கம்ப்ரஷன் 25 என்றால் இஞ்சின் போய்விட்டதா?

கேள்வி: நான் நுவரெலியாப் பக்கம் கரட், லீக்ஸ், கோவா பயிரிடுகிறவன். அப்பா வாங்கிய 1995ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் கெப் (எல்.என்.106, 2.8 டீசல்) ஒன்றுதான் எங்களிடம் இருக்கும் வாகனம். ஒரு வருடமாகக் காலையில் அதை ஸ்டார்ட் எடுப்பது பெரும்பாடாக இருக்கிறது. நீண்ட நேரம் சுற்றினால்தான் பிடிக்கிறது. பிடித்த பிறகும் மூன்று நான்கு நிமிடம் உடம்பெல்லாம் ஆடி, கண் எரிகிற வெள்ளைப் புகை விடுகிறது. சூடானதும் சரியாகிவிடும், பகலில் ஒரே சுற்றில் பிடிக்கும். மரக்கறி ஏற்றிப்போய்த் தம்புள்ளையில் இரவு தங்கினால் விடியற்காலையிலும் தொல்லை இல்லை. வீட்டு வாசலில் ஏற்றத்தைப் பார்த்து நிறுத்திய அன்று இன்னும் மோசம், அப்போது முதலில் புகையே வராது. புதிய பெற்றரி போட்டாயிற்று. கராஜில் கம்ப்ரஷன் பார்த்தார்கள்: 25, 26, 24, 25. "32 இருக்க வேண்டும், ரிங் தேய்ந்துவிட்டது, இஞ்சினைப் பிரித்து டீசல் பம்பையும் செய்ய வேண்டும்" என்கிறார்கள். ஒயில் குறைவதில்லை. இப்போதைக்கு ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தும், சில நாள் இறக்கத்தில் உருட்டியும் எடுக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கராஜுக்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்றால் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது இஞ்சினைப் பிரிக்கிற வேலை இல்லை. பம்பை இப்போதைக்கு யாரும் தொடவே கூடாது.

முதலில் அந்த 25ஐப் பற்றிச் சொல்கிறேன், உங்களைப் பயமுறுத்தியது அந்த எண்தானே. உங்கள் கெப்பில் இருப்பது 3எல் இஞ்சின், 2,779 சிசி. கம்பனியின் வேர்க்ஷொப் புத்தகத்தில் இதன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை நசுக்கும்போது ஏறுகிற அழுத்தம், சதுர சென்றிமீற்றருக்கு 32 கிலோ என்றும், 20க்குக் கீழே போகக்கூடாது என்றும், சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 5ஐத் தாண்டக்கூடாது என்றும் இருக்கிறது. கராஜ் பாஸ் சொன்ன 32 பிழையான எண் அல்ல. ஆனால் அது கீழ்நாட்டுக் காற்றுக்கான எண். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வந்து நிறைகிற காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குறைந்த காற்றை அதே இடத்துக்குள் நசுக்கினால் மீற்றரில் ஏறுகிற அழுத்தமும் அதே கணக்கில் குறையும். 32இல் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துப் பாருங்கள், 25.6 வருகிறது.

உங்கள் இஞ்சின் காட்டியது 24க்கும் 26க்கும் இடையில். முப்பது வருடம் மலை ஏறி இறங்கிய இஞ்சினுக்கு இது மிக நல்ல கணக்கு. அதைவிட முக்கியம், நான்கும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ரிங்கோ (பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்கிற வளையம்) வால்வோ கெட்டுப்போனால் நான்கும் இப்படி ஒரே அளவாக இறங்குவது அபூர்வம். ஒன்று 25இல் நிற்கும், பக்கத்தில் இருப்பது 15க்கு விழுந்திருக்கும்.

நான் கொழும்பில் தொழில் பழகி மலைநாட்டுக்கு வந்த முதல் வருடம், இதே 25ஐப் பார்த்துவிட்டு ஒருவருடைய லொறி இஞ்சினைப் பிரித்தேன். ரிங்கெல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அறுவடை நேரத்தில் வண்டியில்லாமல் அவர் இழந்த இரண்டு வாரத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து மலையில் கம்ப்ரஷன் பார்த்தால், உயரத்தைக் கழிக்காமல் நான் வாய் திறப்பதில்லை.

சந்தேகம் தீர இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறவுங்கள். ரிங் தேய்ந்திருந்தால் அங்கிருந்து புகை குப்குப்பென்று அடிக்கும், வாய்மேல் கவிழ்த்து வைத்த மூடி நிற்காமல் துள்ளும். இலேசான ஆவி மட்டும் வந்தால் பயமில்லை. ஒயில் குறைவதில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ரேடியேற்றர் தண்ணீரும் குறையாமல் இருக்கிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். தண்ணீர் குறைந்து, புகையில் இனிப்பு வாடையும் வந்தால் ஹெட் கெஸ்கட்டைப் (இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற தகட்டை) பார்க்க வேண்டும், அது வேறு கதை. நீங்கள் சொல்வது கண் எரிகிற புகை.

அந்தக் கண் எரிச்சல்தான் இங்கே பெரிய சாட்சி. டீசல் இஞ்சினில் பொறி கிடையாது. காற்றை இருபத்திரண்டு மடங்கு நசுக்கும்போது அது கொதிக்கிறது, அந்தக் கொதிப்பில் டீசல் தானாகப் பற்றுகிறது. உங்கள் 3எல் இஞ்சினில் டீசல் நேராகப் பிஸ்டன்மேல் பாய்வதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய அறைக்குள் பாய்ந்து அங்கே பற்றத் தொடங்குகிறது. பனி கொட்டிய காலையில் அந்த அறையின் உலோகச் சுவர், காற்றின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. அதை ஈடுகட்டத்தான் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு ஹீட்டர் பிளக் நீட்டிக்கொண்டு செக்கச்செவேலென்று நிற்கிறது. பிளக் சூடாகாவிட்டால் டீசல் வரும், பற்றாது, பனி போல வெள்ளையாகச் சைலன்சர் வழியே வெளியேறும். புகை வருகிறது என்றாலே பம்ப் டீசலை அனுப்புகிறது, நொசல் அதைப் பீய்ச்சுகிறது என்று அர்த்தம். அப்படியிருக்கப் பம்பை எதற்குக் கழற்ற வேண்டும்?

பிடித்த பிறகு வண்டி ஆடுவதும் இதனால்தான். பிளக் உயிரோடு இருக்கிற சிலிண்டர் வேலை செய்கிறது, மற்றது டீசலை வீணாகத் துப்பிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. சில நிமிடத்தில் இஞ்சினின் சொந்தச் சூட்டிலேயே எல்லா அறையும் காய்ந்ததும் நாலும் சேர்ந்துகொள்கின்றன. தம்புள்ளையில் தொல்லை இல்லாததற்கும் இதே காரணம், அந்த ஊரின் விடியற்காலைக் காற்று உங்கள் ஊர் மதியத்தைவிடச் சூடு. தேய்ந்த இஞ்சினும் கீழே போனால் கொஞ்சம் சுலபமாகப் பிடிக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். கம்ப்ரஷன் கணக்கையும் புகையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விரல் ஹீட்டர் பிளக்கைக் காட்டுகிறது.

"டாஷ்போர்டில் மஞ்சள் சுருள் லைட் எரிந்து அணைகிறதே, பிளக் வேலை செய்கிறதுதானே" என்று நினைப்பீர்கள். பலர் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். அந்த லைட்டை அணைப்பது ஒரு டைமர். நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் லைட் தன் பாட்டில் எரியும், தன் பாட்டில் அணையும்.

சோதிப்பது சுலபம், வீட்டிலேயே செய்யலாம். பெற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, நான்கு பிளக்குகளின் தலையையும் இணைக்கிற உலோகப் பட்டியை எடுத்துவிடுங்கள். இந்தப் பட்டியை எடுக்காமல் சோதித்தால், நல்ல பிளக் வழியாகக் கரண்ட் ஓடி, செத்ததையும் நல்லதாகக் காட்டிவிடும். பிறகு 12 வோல்ட் சிறிய பல்ப் ஒன்றின் ஒரு வயரைப் பெற்றரி பிளஸிலும் மற்றதைப் பிளக்கின் தலையிலும் வைக்க வேண்டும், மைனஸ் வயரை அப்போது மட்டும் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். பல்ப் எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. மல்டிமீற்றர் இருந்தால் இன்னும் நல்லது: நல்ல பிளக் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும், நான்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். எல்லாமே நல்லதென்றால் பட்டியை மாட்டி, சாவியைப் போட்டதும் பட்டிக்கு வோல்ட்டேஜ் வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் ரிலேயோ, அதற்குப் போகிற தடித்த பியூஸோ போயிருக்கும்.

ஒன்று போயிருந்தாலும் நான்கையும் மாற்றுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். இந்த இஞ்சின் குடும்பத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே வோல்ட் பிளக் வரவில்லை. குறைந்த வோல்ட் பிளக்கை 12 வோல்ட் அமைப்பில் மாட்டினால் சில நாளிலேயே நுனி எரிந்துபோகும், உடைந்து அறைக்குள் விழுந்தாலும் விழும். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, பழைய பிளக்கைக் கையில் கொண்டுபோய் உடம்பில் இருக்கிற எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள். கழற்றும்போது இஞ்சின் இளஞ்சூடாக இருக்கட்டும். முதல்நாள் இரவே துருநீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இறுக்கமாக இருந்தால் முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். முறுக்கி உடைத்துவிட்டால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். இந்த ஒரு வேலையில் மட்டும் பொறுமை இல்லாதவர் கையில் ஸ்பெனரைக் கொடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம். கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அது: ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் மோசம், முதலில் புகையே இல்லை. புகை இல்லையென்றால் டீசலே வந்து சேரவில்லை. ஆக உங்கள் கெப்பில் இருப்பது ஒரு நோயில்லை, இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால்தான் எல்லோரும் குழம்பியிருக்கிறார்கள்.

உங்கள் டீசல் பம்ப் தானே டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்கிற வகை. டாங்கியிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள குழாய் முழுவதும் உறிஞ்சலில் இருக்கிறது, தள்ளலில் இல்லை. அதனால் அதில் ஓர் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கீழே ஈரமே இல்லையே என்று எல்லோரும் விட்டுவிடுவது இதனால்தான். வண்டியின் மூக்கு மேலே இருக்கிறபோது பம்ப் உயரத்தில், டாங்கி பள்ளத்தில். இரவு முழுக்க அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியே காற்று நுழைய நுழைய, குழாயில் இருந்த டீசல் மெல்ல டாங்கிக்கே இறங்கிவிடுகிறது. காலையில் நீங்கள் ஸ்டார்ட்டரைச் சுற்றுகிற நேரத்தில் பாதி, அந்த வெறுங்குழாயை நிரப்பவே போய்விடுகிறது.

நாளைக்கே ஏற்றத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, மறுநாள் காலை சாவியைத் தொடுமுன் டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் ஹேண்ட் பம்பை அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று அமுக்கலில் கல் போல இறுகிவிட்டால் குழாய் நிறைந்திருக்கிறது. பத்து, பதினைந்து தடவை பஞ்சாக அமுங்கினால் டீசல் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படி அமுக்கி இறுக்கிய பிறகு ஸ்டார்ட் எடுத்தால் புகை உடனே வந்துவிடும், அதுவே நிரூபணம்.

ஓட்டை எங்கே என்று தேடுவதற்கு நான் முதலில் கை வைப்பது அந்த ஹேண்ட் பம்பில்தான். முப்பது வருடத்தில் அதன் உள்ளே இருக்கிற ரப்பர் கட்டாயம் விறைத்திருக்கும். அடுத்தது ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் திறந்துவிடுகிற திருகின் ரப்பர் வளையம். ஃபில்டர் மாற்றும்போது பழைய வளையத்தையே திரும்பப் போட்டுவிடுவார்கள். பிறகு ரப்பர் ஹோஸ்கள். வளைத்துப் பார்த்தால் மேல்தோலில் மயிரிழை வெடிப்புத் தெரியும், கிளிப் கடித்த இடத்தில் ஹோஸ் தட்டையாகிப் போயிருக்கும். மீற்றர் கணக்கில் புது டீசல் ஹோஸும் நாலைந்து கிளிப்பும் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுவது தேடுவதைவிட மலிவு. அப்படியும் தீரவில்லையா, பம்புக்குள் நுழைகிற இடத்தில் ஓர் அடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் போட்டுப் பாருங்கள். ஓடும்போது அதில் குமிழி வந்துகொண்டேயிருந்தால் காற்று இன்னும் நுழைகிறது. ஃபில்டரில் கை வைக்கிற அன்றே அடியில் தேங்கிய தண்ணீரையும் ஒரு போத்தலில் திறந்துவிட்டுப் பாருங்கள். 2022இல் டீசல் இல்லாமல் பல வாகனங்கள் வாரக்கணக்கில் பாதி டாங்கியோடு நின்றன, கானில் சேர்த்து வைத்ததை ஊற்றியவர்களும் உண்டு. அந்தக் காலத்து அழுக்கும் தண்ணீரும் இன்றைக்கும் சில டாங்கிகளின் அடியில் கிடக்கின்றன.

பெற்றரி புதிது என்கிறீர்கள், நல்லது. ஆனால் அதிலிருந்து இஞ்சினுக்குப் போகிற எர்த் வயர் 1995ஆம் ஆண்டுடையதாகவே இருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பெற்றரி மைனஸிலும் மறு முனையை இஞ்சின் இரும்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரை மாற்றி, இரும்பைச் சுரண்டி வெள்ளையாக்கி மாட்ட வேண்டும். பெற்றரியின் இரண்டு முனைக்கும் நடுவே சுற்றும்போது 10 வோல்ட்டாவது நிற்க வேண்டும். மெதுவாகச் சுற்றுகிற இஞ்சினில் காற்று கசிந்துவிடும், கொதிக்காது. ஒயில் 20-50 போட்டிருந்தால் அடுத்த முறை 15-40க்கு மாறுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் தடித்த ஒயில் ஸ்டார்ட்டருக்குப் பெரிய பாரம்.

அந்த ஸ்ப்ரேயை இன்றோடு நிறுத்திவிடுங்கள் தம்பி. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அதில் இருக்கிற ஈதர் டீசலைவிடப் பல மடங்கு சுலபத்தில் பற்றிக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஒரு பிளக் சிவந்திருந்தாலும் போதும், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்னே வெடித்து அதை எதிர்த்திசையில் அடிக்கும். ரிங் உடைவதும் பிஸ்டன் பிளப்பதும் இப்படித்தான். இப்போது நல்லபடியாக இருக்கிற இஞ்சினை, நாளைக்குக் கராஜ் பாஸ் சொன்னது போலவே பிரிக்க வைப்பது அந்த ஸ்ப்ரேதான்.

இறக்கத்தில் உருட்டுவது அதைவிட மோசம். உங்கள் கெப்பில் பிரேக்குக்கு உதவி கொடுக்கிற வேக்கம் பம்ப் ஒல்டர்னேற்றரின் பின்னால் இருக்கிறது, இஞ்சின் ஓடினால்தான் அது ஓடும். இஞ்சின் பிடிக்காமல் வண்டி உருளும்போது ஒன்றிரண்டு மிதியில் பிரேக் பெடல் கட்டையாகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகிவிடும். பின்னால் மரக்கறி மூட்டையும் இருந்து, நுவரெலியாப் பக்கத்து வளைவும் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிளக்கும் குழாயும் எர்த்தும் சரியான பிறகும் ஆட்டம் இருந்தால், அது சூடானபின்னும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அடுத்த வேலை. குளிரில் மட்டும் கொஞ்சம் இருந்தால் விட்டுவிடலாம். சூட்டிலும் ஆடினால் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இஞ்சின் மெதுவாக ஓடும்போது, நொசலில் மாட்டியிருக்கிற டீசல் பைப்பின் நட்டை (17ஆம் எண் ஸ்பெனர் பிடிக்கிறது) ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, சத்தம் மாறுகிறதா கேட்டு, திரும்ப இறுக்குவார்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. இதை அனுபவமுள்ளவர் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யட்டும், பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். உங்களுடையது போன்ற பழைய பம்ப் வண்டிக்கு மட்டுமே இந்த வழி. புதிய கொமன் ரெயில் ஹைலக்ஸில் யாரும் இதைச் செய்யக்கூடாது, அதில் அழுத்தம் ஆளையே கொல்லும் அளவு.

வேலை செய்யாத சிலிண்டர் கிடைத்தால் நொசல்களை மட்டும் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்துப் பீய்ச்சலைப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பப் போடும்போது அடியில் இருக்கும் வாஷர்கள் புதிதாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வால்வ் இடைவெளியையும் பார்த்துவிடுவது நல்லது: இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்று வால்வுக்கு 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், புகை வால்வுக்கு 0.40 முதல் 0.50. இத்தனையும் தாண்டித்தான் பம்பின் முறை வரும். ஆட்டத்தை மறைக்க, வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடுகிற வேகத்தை வைக்கிற ஐடில் திருகைக் கூட்டிவைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், சூடான இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்றில் நிற்க வேண்டும். பம்பில் இருக்கிற மற்றத் திருகுகளை யாரும் தொட்டால், வருட லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகிற அன்று கரும்புகையாக அது வெளியே வரும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விவரம் எனக்கு வேண்டும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குகிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள்? இந்த இஞ்சினுக்கு அது 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்பா மாற்றியதாக ஞாபகமோ, பில்லோ இல்லையென்றால், ஹீட்டர் பிளக் வாங்கப் போகிற அன்றே பெல்ட்டையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.